கருணைக்குப் பன்னிரண்டு நிமிடம்

கடவுளுக்குத் தயை உண்டா? உண்டு. அதில் யாருக்கும் சண்டை இல்லை. தயை என்றால் என்ன? இந்த இடத்தில்தான் போலீஸ் வேன் வந்து நிற்கிறது.

பிறர் படும் துன்பத்தைக் கண்டு தானும் துன்பப்படுவது தயை என்கிறது வைணவத்தின் தென்கலைப் பிரிவு. அந்தத் துன்பத்தைப் போக்க வேண்டும் என்று நினைப்பதுதான் தயை என்கிறது வடகலை. வாத்சல்யம் அடுத்த குணம். ஈன்ற பசு கன்றின் மேலிருக்கும் அழுக்கை ஆசையாக நக்கித் தின்பதுபோல, பக்தனின் குற்றத்தையே பெருமாள் விரும்பி ஏற்கிறார் என்பது ஒரு கட்சி. குற்றம் அவர் கண்ணிலேயே படாது என்பது எதிர்க்கட்சி. பக்தன் காக்கப்படுவது பூனை தன் குட்டியைக் கவ்விக்கொண்டு போவதுபோலா, குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்வதுபோலா என்பது இன்னொன்று. திருமகளான தாயார் அளவற்றவளா, அணுவா என்பது வேறொன்று. இப்படிப் பதினெட்டு பேதங்களை எண்ணி வைத்திருக்கிறார்கள்.

தென்கலையின் பிள்ளை லோகாசாரியரையோ வடகலையின் வேதாந்த தேசிகரையோ கேலி செய்யும் தகுதி எனக்கு இல்லை. அன்பு என்கிற ஒற்றைச் சொல்லை இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துப் பார்த்த மூளைகள் அவை. படித்தால் தலை சுற்றும். சுற்றி நின்றபின் மரியாதைதான் மிஞ்சும். என் ஆத்திரமெல்லாம் அந்த மூளைகளுக்குப் பட்டா வாங்கி, வேலி போட்டு, வாசலில் நாய் கட்டியிருப்பவர்கள் மேல்.

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு வாருங்கள். கோஷ்டியில் பிரபந்தம் தொடங்குமுன் ஆசாரியரை வணங்கித் தனியன் சொல்ல வேண்டும். தென்கலையார் மணவாள மாமுனிகளை வணங்கி ஸ்ரீசைலேச தயாபாத்ரம் சொல்வார்கள். வடகலையார் தேசிகரை வணங்கி ராமானுஜ தயாபாத்ரம் சொல்வார்கள். இரண்டிலும் தயாபாத்ரம் இருக்கிறது, கவனித்தீர்களா? கருணைக்குப் பாத்திரமானவர் என்று பொருள். எந்தப் பாத்திரம் முதலில், எந்தப் பாத்திரத்துக்கு உள்ளே வர உரிமை என்பதுதான் வழக்கு. பாத்திரங்கள் மோதினால் சத்தம் வரும். வந்துகொண்டே இருக்கிறது. கைகலப்பு வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வாட்ஸ்அப்பில் உங்களுக்கு அனுப்பியது எந்தக் கலை மாமா என்பது மட்டும்தான் வித்தியாசம்.

1882இலேயே இதற்குச் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. அதற்குப் பிறகு வெள்ளைக்காரன் போனான். ஜமீன் போயிற்று. அணா போயிற்று. வழக்கு மட்டும் சிரஞ்சீவி. கோயில் யானைக்கு எந்த நாமம் போடுவது என்று லண்டன்வரை வழக்காடினார்கள், தீர்ப்பு வருவதற்குள் யானை செத்துவிட்டது என்று காஞ்சிபுரத்தில் ஒரு கதை சொல்வார்கள். நான் அதை அப்படியே நம்புகிறவன் இல்லை. ஆனால் அதைக் கேட்ட ஒருவர்கூட “சேச்சே, அப்படியெல்லாம் நடந்திருக்காது” என்று சொல்லி நான் கேட்டதில்லை.

2022 மே மாதம் உயர்நீதிமன்றம் ஓர் இடைக்கால ஏற்பாடு சொன்னது. முதலில் தென்கலையார் தங்கள் தயாபாத்ரத்தைச் சொல்ல 10 முதல் 12 நிமிடம். அடுத்து வடகலையார் தங்கள் தயாபாத்ரத்தைச் சொல்ல 10 முதல் 12 நிமிடம். பிறகு இரு தரப்பும் சேர்ந்து பிரபந்தம். நீதிபதியைக் குறை சொல்லிப் பயனில்லை. குழாயடியில் குடத்துக்கு முறை வைப்பவர் வேறெப்படி வைப்பார்? அதுவும் அத்தோடு முடிந்ததா என்றால், இல்லை. மேல்முறையீடு போனது. கருணையின் இலக்கணம் எல்லையற்றது என்று இரு கலைக்கும் உடன்பாடு. அந்த ஏற்பாட்டில் கருணையின் நேரம் பன்னிரண்டு நிமிடம். அதற்கு மேல் போனால் நீதிமன்ற அவமதிப்பு.

இதில் நீங்களும் நானும் எங்கே இருக்கிறோம்? பின்வரிசையில். கயிற்றுக்கு இந்தப் பக்கம். கையில் துளசிப் பொட்டலத்தோடு. பந்தோபஸ்து காவலரின் சம்பளம் நம் வரியிலிருந்து போகிறது. உண்டியல் காசும் நம்முடையது. கட்டணம் நம்முடையது, கச்சேரி அவர்களுடையது.

2019இல் அத்திவரதர் வந்தாரே, நினைவிருக்கிறதா? நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை குளத்தை விட்டு வருகிறவர். 48 நாள் தரிசனம். நாடே வந்து காஞ்சிபுரத்தில் நின்றது. நெரிசலில் உயிர்கள் போயின. அதே கோயிலில், அதே நாட்களில், விஐபி பாஸ் வைத்திருந்தவர்கள் வேறொரு வாசலில் போய் வேறொரு வாசலில் வந்தார்கள். பெருமாள் கண்ணில் குற்றம் படுமா படாதா என்று எழுநூறு ஆண்டாக வாதிடுகிறோம். பாஸ் படுகிறது. கன்றின் அழுக்கை நக்க வரும் பசு, பாஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டா நாக்கை நீட்டும்?

இது ஐயங்கார் வீட்டுச் சண்டை, நமக்கென்ன என்று மற்றவர்கள் சிரிக்க வேண்டாம். உலகத்தில் கடவுளின் குணத்தை அலசிய எல்லா வீட்டிலும் உடைந்த பாத்திரம் உண்டு.

பாக்தாதுக்குப் போவோம். கி.பி. 833. கலீஃபா மஃமூன் படித்தவர். கிரேக்க நூல்களை அரபிக்குக் கொண்டுவர ஆதரவு தந்தவர். பகுத்தறிவாளர் என்று இன்றும் பேர். அவருக்கு ஒரு சந்தேகம் தீர்ந்துவிட்டது. ஒருவருக்குச் சந்தேகம் தீர்ந்து, அவர் கையில் அதிகாரமும் இருந்தால், ஊர் தாங்காது.

விஷயம் இதுதான். இறைவனுக்கு அறிவு உண்டு, ஆற்றல் உண்டு, பேச்சு உண்டு. சிஃபத்து என்கிறோமே, அந்தத் தன்மைகள். அவை அவனோடு அநாதிகாலமாக இருப்பவையா? ஆம் என்றால் அநாதியானவை பல ஆகிவிடும், ஒருவன் என்ற கொள்கை உடைந்துவிடும் என்றார்கள் முஃதஸிலாக்கள் என்ற பிரிவினர். ஆகவே இறைவனின் பேச்சான குர்ஆன் படைக்கப்பட்டது என்றார்கள். பேச்சைப் படைப்பு என்று சொன்னால் பேசாத கடவுள் என்று ஆகிவிடாதா, இது மூதாதையர் சொல்லாத சொல் என்றார்கள் ஹதீஸ் அறிஞர்கள். இரண்டும் யோசிக்க வேண்டிய கட்சிதான். மஃமூன் யோசிக்க விடவில்லை. பாக்தாத் ஆளுநருக்குக் கடிதம் எழுதினார். காஜிகளையும் அறிஞர்களையும் ஒவ்வொருவராக நிறுத்தி, “படைக்கப்பட்டது” என்று சொல்ல வைக்கச் சொன்னார். சொல்லாதவருக்குப் பதவி இல்லை, சாட்சி சொல்லும் தகுதி இல்லை. வேலைக்கு வேட்டு என்றதும் பெரும்பாலானவர்களுக்குத் தத்துவம் உடனே விளங்கிவிட்டது.

விளங்காமல் நின்றவர் இமாம் அஹ்மது இப்னு ஹம்பல். கூட முஹம்மது இப்னு நூஹ் என்ற இளைஞர். இருவருக்கும் விலங்கு பூட்டிக் கலீஃபாவிடம் அனுப்பினார்கள். போய்ச் சேர்வதற்குள் கலீஃபாவே இறந்துபோனார். திரும்பும் வழியில் இப்னு நூஹ் இறந்தார். அடுத்த கலீஃபா முஃதஸிம், இமாமைச் சிறையிலிருந்து கொண்டுவந்து சவுக்கால் அடிக்க வைத்தார். முஃதஸிலாக்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பேர் என்ன தெரியுமா? நீதியின் மக்கள், ஒருமையின் மக்கள். இறைவன் அநீதி செய்யவே மாட்டான் என்று நிறுவியவர்கள். நிறுவிய களைப்பில், அவன் சார்பாகத் தாங்களே செய்துகொண்டார்கள்.

உச்சம் இனிமேல்தான். 845இல், இந்த வரிசையில் மூன்றாவது கலீஃபாவான வாஸிக் காலம். பைசாந்திய அரசோடு போர்க் கைதிகள் பரிமாற்றம். எல்லை ஆற்றங்கரை. அந்தப் பக்கம் ஆண்டுக்கணக்கில் அடிமைப்பட்டுக் கிடந்த முஸ்லிம் கைதிகள். இந்தப் பக்கம் கலீஃபாவின் அதிகாரிகள், கையில் கேள்வித்தாள். குர்ஆன் படைக்கப்பட்டதா? மறுமையில் இறைவனைக் கண்ணால் காண முடியுமா? படைக்கப்பட்டது, காண முடியாது என்றவனுக்கு மீட்பு. மாற்றிச் சொன்னவன் எதிரியிடமே கிடக்கலாம். காலில் தழும்போடு, வீட்டு ஞாபகத்தோடு, ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவனிடம் சிஃபத்து பற்றி வாய்மொழித் தேர்வு. அந்த அதிகாரியும் காலையில் வேலை தொடங்குமுன் “அளவற்ற அருளாளன், நிகரற்ற அன்புடையோன்” என்று சொல்லிவிட்டுத்தான் கேள்வித்தாளைப் பிரித்திருப்பான்.

சுமார் 15 ஆண்டு நடந்த இந்தக் கூத்தை அடுத்த கலீஃபா முதவக்கில் வந்து நிறுத்தினார். சவுக்கு கீழே விழவில்லை. கை மாறியது. பின்னால், பத்தாம் நூற்றாண்டில், அஷ்அரி என்ற அறிஞரின் வழிவந்தவர்கள் ஒரு சமரசம் கண்டார்கள். அவனுடைய தன்மைகள் அவனும் அல்ல, அவன் அல்லாதவையும் அல்ல. அவன் அர்ஷின், அதாவது அரியணையின், மேல் என்றால் மேல்தான், எப்படி என்று கேட்காதே. நேர்மையான விடை. எப்படி என்று தெரியாது என்று ஒப்புக்கொள்ள இவ்வளவு முதுகுகள் கிழிய வேண்டியிருந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

ஆயிரம் ஆண்டு கழித்து அதே கேள்வி தமிழ்நாட்டிலும் மேடை ஏறியது. இறைவனுக்கு உருவம் உண்டா இல்லையா என்று நாற்காலி போட்டு, மைக் பிடித்து, நடுவர் வைத்து விவாதித்தார்கள். குறுந்தகடாகவும் போட்டார்கள். இரு தரப்பு வீட்டிலும் தங்கள் தரப்பே வென்றது. பகுத்தறிவுக்காரர்கள் மெல்ல நழுவ வேண்டாம். உங்கள் கட்சி மஃமூனோடு பாக்தாதில் ஆட்சியிலேயே இருந்தது.

இப்போது காஞ்சிபுரம் பக்கத்துத் திருமுக்கூடலுக்கு வருவோம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேருமிடம். ஆறுகள் சேர்கின்றன என்று தலபுராணம் சொல்கிறது. பெரும்பாலான மாதங்களில் மணல்தான் சேர்கிறது. மணலும் லாரிக்குப் போனது போக மீதம். காணும் பொங்கலை ஒட்டிய பார்வேட்டை உற்சவத்துக்குக் காஞ்சி வரதர் பழையசீவரம் மலைக்கு வந்து, பாலாற்றைத் தாண்டி இங்கே வருவார். சுற்றுவட்டாரப் பெருமாள்கள் ஐந்து பேர் இங்கே ஒன்றுகூடுவார்கள். அப்பன் வெங்கடேசப் பெருமாள் வீட்டுக்காரர். அவருக்குள் மும்மூர்த்திகளும் இருப்பதாக ஊரில் சொல்வார்கள். ஒரே சிலையில் மூவர் ஒற்றுமையாக நிற்கிறார்கள் என்றால், அவர்களுக்கு இன்னும் வக்கீல் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

நான் உற்சவம் இல்லாத ஒரு நாளில் போயிருந்தேன். தொல்லியல் துறையின் நீலப் பலகை. அதில் சின்னத்தைச் சேதப்படுத்தினால் என்ன தண்டனை என்று இருக்கிறது. சின்னம் என்ன சொல்கிறது என்பதற்கு இடம் போதவில்லை போலும். பிராகாரச் சுவரில் நீளமாக எழுத்து. வெயிலில் கல் சுட்டது. ஓர் எழுத்தின் சுழியில் எறும்பு ஒன்று போய் வந்துகொண்டிருந்தது. கீழ்வரிசையில் யாரோ சுண்ணாம்பு பட்ட விரலைத் துடைத்திருந்தார்கள்.

வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு அது. ஏறக்குறைய 1068. தொடக்கம் வழக்கம்போல மன்னர் புராணம். கூடல்சங்கமத்தில் சாளுக்கியனை எப்படி வெட்டினேன், எப்படி விரட்டினேன். ரத்தவாடை அடிக்கும். அதைத் தாண்டி உள்ளே போனால் திடீரென்று கட்டில் வருகிறது. பதினைந்து கட்டில். வீரசோழன் என்ற பேரில் ஓர் ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை. மருத்துவர் கோதண்டராம அசுவத்தாம பட்டன். அவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்ய ஒரு சல்லியக்காரர். மூலிகையும் விறகும் கொண்டுவர இருவர். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பெண்கள். ஒரு நாவிதர். படுத்திருப்பவருக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. இரவெல்லாம் எரிய விளக்கு, அதற்கு எண்ணெய். ஆண்டு முழுதும் இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல்: வாசா ஹரீதகி, தசமூல ஹரீதகி, கல்யாண லவணம், வஜ்ரகல்பம் என்று போகிறது. இத்தனைக்கும் பணம் எந்த ஊர் வருமானத்திலிருந்து என்பதும் இருக்கிறது: வயலைக்காவூர்.

சோழன் புகழ் பாட நான் வரவில்லை. அந்தச் சாலை ஊருக்கெல்லாம் திறந்ததும் அல்ல. கோயில் ஊழியருக்கும் இங்கிருந்த வேதபாடசாலை மாணவருக்கும் ஆனது. உழுது 90 கலம் அளந்தவன் காய்ச்சலில் எங்கே படுத்தான் என்று கல் சொல்லாது. ஆனால் பாருங்கள், தயை என்றால் துன்பப்படுவதா துன்பத்தைப் போக்க நினைப்பதா என்று அந்தக் கல்லில் ஒரு வரி கிடையாது. நாழி அரிசி இருக்கிறது. எண்ணெய் இருக்கிறது. கணக்கு இருக்கிறது. கணக்கு என்றதும் பக்கத்து உத்திரமேரூர் ஞாபகம் வருகிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பேரைக் குடவோலையில் எழுதக்கூடாது என்று பராந்தகன் காலத்தில் சுவரில் வெட்டியிருக்கிறான். இன்றைக்கு அந்த விதியைப் போட்டால் வாக்குச்சீட்டில் நோட்டா மட்டும் மிஞ்சும்.

போன வருஷம் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் எங்கள் பெரியம்மாவைச் சேர்த்திருந்தோம். எந்த ஊர் என்பது வேண்டாம், எல்லா ஊரும்தான். கட்டிலுக்கு இருவர். தலைமாடு ஒருவருக்கு, கால்மாடு ஒருவருக்கு. பக்கத்துக் கட்டிலில் பேரன் பாட்டிக்கு ட்ரிப்ஸ் பாட்டிலைக் கையிலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். ஸ்டாண்டு இல்லை. கை மாற்றிக் கை மாற்றி ஒன்றரை மணி நேரம். அவன் ஒருதரம் உட்கார்ந்தபோது குழாயில் ரத்தம் ஏறியது, எழுந்துவிட்டான். மேலே ட்யூப்லைட்டில் உபயதாரர் பேர். பெஞ்சில் உபயதாரர் பேர். தண்ணீர்க் குழாயின் மேல் மூன்று தலைமுறைக்கு உபயம், குழாயில் தண்ணீர் மட்டும் இல்லை. செவிலியர் ஒரே ஆள், மூன்று வார்டுக்கு ஓடினார். அவரைக் குறை சொன்னால் நாக்கு அழுகும்.

அந்தப் பையன் செய்துகொண்டிருந்தது தென்கலைத் தயையா, வடகலைத் தயையா? பாட்டி வலியில் முனகும்போதெல்லாம் அவன் முகமும் சுளித்தது. பாட்டிலையும் இறக்கவில்லை. பதினெட்டு பேதத்தில் ஒன்று அந்த இடத்திலேயே தள்ளுபடியாகிப்போனது. எந்தப் பெஞ்சுக்கும் இது தெரியாது.

திருமுக்கூடல் சுவரை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றதில் காவல்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பக்கத்தில் வந்தார்.

“இன்னா சார், புதையலு கிதையலு எழுதிக் கீதா?”

“ஆஸ்பத்திரி எழுதியிருக்குங்க. இங்கேயே இருந்திருக்கு. பதினஞ்சு கட்டில், ஒரு டாக்டர், ரெண்டு நர்ஸம்மா.”

அவர் சுவரை ஒருதரம் மேலிருந்து கீழே பார்த்தார். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பார்வேட்டைக்குப் பார்வேட்டை கூட்டம் கட்டுகிற மனுஷர். எத்தனை கோஷ்டிகளைப் பார்த்தவரோ.

“அந்த டாக்டரு,” என்றார், “எந்தக் கலைன்னு போட்டுக் கீது?”

“போடலைங்க.”

“அதான் வேலை நடந்து கீது,” என்று சொல்லிவிட்டு, கேட்டைப் பூட்ட நேரமாகிவிட்டது என்று சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டினார்.